சைட்டு வாங்கறதுக்கு முன்னாடி மண்ணையும் தண்ணியையும் பாருங்க – திருப்பூர்ல நாங்க பார்த்தது

திருப்பூர், பல்லடம், காங்கேயம், சென்னிமலை பக்கம் சைட்டு தேடிட்டு இருக்கறவங்களுக்காக இதை எழுதறேன். வேற ஊர்க்காரங்களுக்கும் பாதிக்கு மேல பொருந்தும். வில்லங்கம் எப்படிப் பார்க்கறது, பட்டா யார் பேர்ல இருக்கணும், டிடிசிபி அப்ரூவல் இருக்கா, ரெரா நம்பர் இருக்கா, இதெல்லாம் சொல்லிக்கொடுக்க நெறைய பேர் இருக்காங்க, அதுல நான் புதுசா சொல்ல ஒன்னும் இல்ல. ஆனா அந்த மண்ணுக்குள்ள என்ன இருக்கு, அந்த இடத்துல இருவது வருஷத்துக்கு முன்னாடி என்ன ஓடுச்சு, இதைப் பார்க்கறதுக்குன்னு வேலை உள்ள ஆள் ஒருத்தர் கூட கிடையாதுங்க. பேங்க் வக்கீல் 30 வருஷத்துப் பத்திரத்தைப் பார்ப்பாரு, பேங்க் இன்ஜினியர் நாலு பக்கமும் அளந்து வெலை போடுவாரு, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கைடுலைன் வேல்யூ பார்ப்பாங்க, லேஅவுட் அப்ரூவல்ல ரோடு எத்தனை அடி, பார்க்குக்கு இடம் விட்டாச்சான்னு பார்ப்பாங்க. மண்ணை ஒரு கை அள்ளி யாரும் பார்க்கறதில்ல. நாமதான் பார்க்கணும்.

நானும் என் மச்சானும் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சைட்டு வாங்கி வீடு கட்டலாம்னு ரொம்ப நாளா பேசிட்டு இருந்தோம். திருப்பூருக்குக் கிழக்கால, நொய்யல் ஆத்துல இருந்து கொஞ்ச தூரத்துல ஒரு லேஅவுட் புரோக்கர் காட்டினாரு. ஆர்ச் வெச்சு, தார் ரோடு போட்டு, தெருவிளக்கு எல்லாம் போட்டு பார்க்க நல்லாவே இருந்துச்சு, புதுசா செம்மண் அடிச்சு சமப்படுத்தி இருந்தாங்க, ஏற்கனவே நாலஞ்சு வீடு வந்திருந்துச்சு. சென்ட் வெலை பக்கத்து லேஅவுட்டை விட பாதிக்குக் கொஞ்சம் மேல அவ்வளவுதான். காரணம் கேட்டா ஓனருக்கு அவசரமா பணம் வேணும்னு சொன்னாங்க. பேப்பர் எல்லாம் கிளீனா இருந்துச்சு, வக்கீலும் தாராளமா வாங்கலாம்னுட்டாரு. மச்சானுக்கு அன்னைக்கே டோக்கன் அட்வான்ஸ் குடுத்துறலாம்னு ஆசை.

எனக்கு உறுத்துனது பின்பக்கக் காம்பவுண்டு சுவரு. லேஅவுட்டுக்கு முன்னாடி இருந்த பழைய சுவரு அது, இடிக்காம விட்டிருந்தாங்க. தரையில இருந்து முழங்கால் உயரம் வரைக்கும் பூச்சு எல்லாம் பொரிஞ்சு உதிர்ந்து, செங்கல் மேல வெள்ளையா உப்பு பூத்து நிக்குது. விரல்ல தேய்ச்சா மாவு மாதிரி வருது. ஒரு மூலையில சுவத்தோட ஒட்டி உடைஞ்ச சிமென்ட் தொட்டி விளிம்பு ஒன்னு மண்ணுக்கு மேல தெரிஞ்சுச்சு, அதோட உள்பக்கம் கருநீலமா கறை. அந்த மூலையில முளைச்சிருந்தது சீமைக்கருவேலம் மட்டும்தான், புல்லு கூட திட்டுத்திட்டா செத்துக் கிடந்துச்சு.

சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆத்தா வெள்ளாடு மேய்ச்சுட்டு இருந்தாங்க. இங்க முன்னாடி என்னங்காத்தா இருந்துச்சுன்னு கேட்டேன். "ஏங்கண்ணு, இங்கயா வூடு கட்டப் போறீங்க? இது சாயப்பட்டறைக் காடல்லொ. எங்க கெணத்துத் தண்ணி ஒரு நாளைக்குச் செவப்பா வரும், ஒரு நாளைக்கு ஊதாவா வரும். பட்டறையை மூடுனதுக்கப்புறம் கலரு நின்னு போச்சு, ஆனா தென்னை ஒன்னும் தேறல. மாடு கூட மோந்து பார்த்துட்டுப் போயிரும்"னாங்க. ரொம்ப சாதாரணமா சொன்னாங்க. புரோக்கர் வாயில அந்த நிமிஷம் வரைக்கும் சாயப்பட்டறைங்கற வார்த்தையே வரல.

அந்தக் கதை தெரியாத சின்ன வயசுக்காரங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். பனியன் துணி பருத்தி. பருத்தியில ரியாக்டிவ் சாயம் நல்லா ஏறணும்னா தண்ணியில மூட்டை மூட்டையா உப்பு போடணும், சாதா உப்போ இல்ல கிளாபர் சால்ட்டுன்னு சொல்ற சோடியம் சல்பேட்டோ. துணியில நிக்கறது சாயம் மட்டும்தான், போட்ட உப்பு அத்தனையும் கழிவுத்தண்ணியோட வெளிய வந்துரும். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு சுத்திகரிச்சா கலரு குறையும், அடியில சேறு மாதிரி ஸ்லட்ஜ் படியும், ஆனா கரைஞ்ச உப்பு அப்படியேதான் இருக்கும். வருஷக்கணக்கா அது நொய்யல்ல ஓடுச்சு. நொய்யல் குறுக்கால 1992-ல பாசனத்துக்குன்னு திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணி தேங்கற குட்டை ஆயிருச்சு, தண்ணி விடுங்கன்னு கேட்க வேண்டிய விவசாயிங்களே தண்ணியைத் திறந்து விடாதீங்கன்னு போராடுன அணை அது. அவங்க கோர்ட்டுக்குப் போய், 2006-ல ஹைகோர்ட் தீர்ப்பு, 2009-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புன்னு வந்து, அதுக்கப்புறமும் கழிவு நிக்கலைன்னு 2011 ஜனவரி 28-ம் தேதி சென்னை ஹைகோர்ட் எல்லா சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லிருச்சு. எழுநூறுக்கு மேல பட்டறைங்க. ஒரு சொட்டுக் கழிவு கூட வெளிய விடாம சுத்திகரிக்க முடிஞ்சவங்க மட்டும் திரும்பத் திறந்தாங்க. முடியாத சின்னச் சின்ன பட்டறைக்காரங்க பாய்லரையும் சாயம் ஏத்தற வின்ச் மெஷினையும் வித்துட்டு ஷெட்டைப் பிரிச்சுட்டாங்க. அந்த இடமெல்லாம் எங்க போச்சு? சிலது குடோன் ஆச்சு, சிலது நிட்டிங் ஷெட் ஆச்சு, சிலது நாம இப்ப பார்க்கற மாதிரி வீட்டுமனை ஆச்சு.

இதுக்காக எல்லா பட்டறைக்காரங்களையும் குத்தம் சொல்லல, எங்க குடும்பத்துக்குச் சோறு போட்டதும் இந்த பனியன் தொழில்தான். ஆனா அந்த மண்ணு மேல வீடு கட்டி, புள்ளைங்களைக் குளிக்க வெச்சு, முருங்கை வெச்சு சாப்பிடப் போறவங்களுக்கு விஷயத்தைச் சொல்லணும்ல.

சரி, நாங்க என்னென்ன பார்த்தோம்னு சொல்றேன்.

முதல்ல திரும்ப பத்திரத்துக்கே போனோம், இந்தத் தடவை வில்லங்கம் தேடறதுக்கு இல்ல, இடத்தோட சரித்திரம் தேடறதுக்கு. தாய்ப்பத்திரத்துல கடைசியில சொத்து விவரம்னு ஒரு பகுதி வரும், எல்லாரும் நாலெல்லையும் அளவும் பார்த்துட்டு மூடிருவாங்க. அதுக்குக் கீழ பொடியா எழுதியிருக்கறதைப் படிங்க. எங்களுக்குக் கிடைச்ச பழைய பத்திரத்துல "ஷெட்டு, பாய்லர் மேடை, தண்ணீர்த் தொட்டிகள், 3 பேஸ் மின் இணைப்பு, ஆழ்துளைக் கிணறு உள்பட"ன்னு வரிசையா இருந்துச்சு. வக்கீல் கண்ணுல அது படாம இல்ல, அவரைப் பொறுத்தவரை அது கட்டடம், அவ்வளவுதான். கிராம நிலக்கணக்கான அ-பதிவேட்டுல பார்த்தா புஞ்சைன்னுதான் போட்டிருக்கும், மேல பட்டறை ஓடினாலும் வருவாய்த்துறை பதிவுல பல இடம் புஞ்சையாவே தொடரும், அதைப் பார்த்து ஓ விவசாய நிலம்தான்னு நம்பிறாதீங்க. பழைய ஈபி கார்டு கிடைச்சா டேரிஃப் பாருங்க, 3-பி-ன்னா அது தொழிற்சாலை இணைப்பு. பழைய சொத்துவரி ரசீது இருந்தாலும் அதுல தெரிஞ்சுரும். இதெல்லாம் ஓனர்கிட்ட கேட்டா, கொடுக்க மாட்டேன்னு இழுத்தடிச்சாலே பாதி பதில் கிடைச்ச மாதிரிதான்.

அடுத்தது காசே செலவில்லாதது, கம்ப்யூட்டர்ல கூகுள் எர்த். போன்ல பார்க்கற மேப் இல்ல, கம்ப்யூட்டர்ல போடற கூகுள் எர்த் புரோ. அதுல பழைய வருஷத்து சாட்டிலைட் படம் பார்க்கற வசதி இருக்கு, மேல கடிகாரம் மாதிரி ஒரு பட்டன், அழுத்தினா வருஷம் வருஷமா பின்னால நகர்த்தலாம். நாங்க 2011-க்கு முந்தின படத்தை எடுத்தோம். இப்ப செம்மண்ணும் மனைக்கல்லும் இருக்கற இடத்துல நீளமா ஒரு ஷெட்டு, அதுக்குப் பின்னாடி செவ்வகம் செவ்வகமா தொட்டி, ரெண்டு கருப்பா, ஒன்னு செங்கருப்பா. தொட்டி இருந்த இடத்து மேலதான் எங்களுக்குக் காட்டின ரெண்டு மனையும் வருது. மச்சான் அந்தப் படத்தைப் பார்த்துட்டு அதுக்கப்புறம் அட்வான்ஸ் பேச்சை எடுக்கல. ஊர் எந்த ஊரா இருந்தாலும் இதைப் பண்ணுங்க, குவாரி இருந்துச்சா, குப்பை கொட்டினாங்களா, குளம் இருந்து மூடினதா எல்லாமே அதுல தெரியும்.

அப்புறம் தண்ணி. தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு எவ்வளவுன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர் நானூறு ஐநூறு ரூபாய்க்குக் கிடைக்குது, சைட்டு பார்க்கப் போற ஒவ்வொருத்தர் பையிலயும் அது ஒன்னு இருக்கணும். ஆனா எங்க இருந்து தண்ணி புடிக்கறோம்ங்கறதுதான் முக்கியம். லேஅவுட்ல மாதிரிக்குன்னு காட்டின குழாய் மேல்நிலைத் தொட்டியில இருந்து வந்துச்சு, அதுல 400 கூட காட்டல. லாரித்தண்ணியை ஏத்தி வெச்சிருந்தா யாருக்குத் தெரியும்? அதனால போர்ல இருந்து நேரா வர்ற பைப்புல, மோட்டாரைப் போட்டு அரைமணி நேரம் ஓடவிட்டு, அதுக்கப்புறம் புடிக்கணும். குழாய்க்குள்ள தேங்கி நின்ன தண்ணி எல்லாம் போய் நிலத்துத் தண்ணி வரணும். ஏற்கனவே அங்க வீடு கட்டியிருந்த ஒரு குடும்பம் அவங்க போர்ல புடிக்க விட்டாங்க, அதுல மீட்டர் 6000-த்தைத் தாண்டி நின்னுச்சு. குடிதண்ணிக்கு ஐஎஸ் 10500-ன்னு ஒரு தரம் இருக்கு, அதுல டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற தண்ணியே கிடைக்காத பட்சத்துல 2000 வரைக்கும்.

புரோக்கர்கிட்ட சொன்னா, "ஏனுங்க, திருப்பூர்ல எங்கீங்க உப்புத்தண்ணி இல்ல? நல்லதண்ணி கார்ப்பரேஷன்ல வந்துருமுங்க"ன்னாரு. பாதி நிசம். நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் உப்புத்தண்ணி பைப்பு தனி, நல்லதண்ணி பைப்பு தனி, அது பழகிப்போச்சு. பாறை பூமி, போர் ஆழமா போகப் போக கடினத்தண்ணிதான் வரும். அதனால இது பூமியோட இயற்கை உப்பா, பட்டறை விட்டுட்டுப் போன உப்பான்னு பிரிச்சுப் பார்க்கணும், அதுக்கு மீட்டர் பத்தாது, லேப்புக்குப் போகணும். சும்மா குடிக்கலாமா கூடாதான்னு கேட்டு வாங்கிட்டு வராதீங்க. கால்சியம், மெக்னீசியம், சோடியம், குளோரைடு, சல்பேட், பைகார்பனேட் எல்லாம் தனித்தனியா போடச் சொல்லுங்க. பாறையில இருந்து வர்ற கடினத்தண்ணியில கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் பங்கு நல்லா இருக்கும். சாயக்கழிவு கலந்திருந்தா சோடியமும் குளோரைடும் சல்பேட்டும் தூக்கலா நிக்கும். அதோட, பட்டறைக்கு மேட்டுப்பக்கம் இருக்கற ஒரு தோட்டத்துக் கிணத்துலயும் ஒரு பாட்டில் புடிச்சுக் குடுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா லேப்காரங்களே சொல்லிருவாங்க. எங்களுக்கு மேட்டுத் தோட்டத்துத் தண்ணி 1300, பள்ளத்துல லேஅவுட் தண்ணி அதை விட நாலு மடங்குக்கு மேல, குளோரைடும் சோடியமும் சேர்ந்து ஏறியிருந்துச்சு.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துல லேப் இருக்கு, பொதுமக்களும் கட்டணம் கட்டிக் குடுக்கலாம். குரோமியம், காரீயம், காட்மியம் மாதிரி கன உலோகம் பார்க்கணும்னா என்ஏபிஎல்னு பரிசோதனைக் கூடங்களுக்குக் குடுக்கற அங்கீகாரம் உள்ள லேப்பாப் பாருங்க, அதுக்கு ஆசிட் போட்ட தனி பாட்டில் அவங்களே குடுப்பாங்க, அதைக் கழுவிறாதீங்க. சில சாயத்துல தாமிரம், குரோமியம் எல்லாம் சேர்மானமா இருக்கும், அதனால சாயப்பட்டறை இடம்னா இதையும் பார்த்துடறது நல்லது. இன்னொன்னு, மழை பெஞ்சு முடிஞ்ச கையோட எடுத்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பாதீங்க, கார்த்திகையில ஒரு மாதிரி காட்டும், சித்திரையில வேற மாதிரி காட்டும். பக்கத்து வீட்டு போர் நல்லா இருக்குன்னும் நம்ப முடியாது, பாறை வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் கழிவு போகும், முப்பதடி தள்ளி இருக்கற ரெண்டு போர்ல ரெண்டு விதமா தண்ணி வர்றதை நம்ம ஊர்ல எல்லாருமே பார்த்திருக்கோம்.

மண்ணுக்கு வருவோம். இதுதான் எங்க கண்ணைத் திறந்துச்சு. மேலாக்க செம்மண்ணை எடுத்து டெஸ்ட்டுக்குக் குடுத்தா அது எங்கயோ இருந்து லாரியில வந்த மண்ணு, நல்லாத்தான் காட்டும். ஓனர்கிட்ட பர்மிஷன் கேட்டு, அஸ்திவாரம் எப்படின்னு பார்க்கணும்னு சொல்லி, ஜேசிபி வெச்சு ஒரு குழி எடுத்தோம். மேல ரெண்டடி செம்மண். அதுக்குக் கீழ உடைஞ்ச கான்கிரீட், ஓட்டுச் சில்லு. அதுக்கும் கீழ ஒரு சாண் கனத்துக்கு சாம்பலும் துருவும் கலந்த நிறத்துல களி மாதிரி ஒரு அடுக்கு, வெட்டின பக்கத்துல நீலமும் பச்சையுமா கீத்து கீத்தா தெரிஞ்சுச்சு, அழுகின மாதிரி கெமிக்கல் வாடை. கூடவே நைஞ்சுபோன பிளாஸ்டிக் சாக்கு. ஜேசிபி டிரைவர் தம்பி பார்த்த உடனே சொல்லிட்டாரு, "அண்ணா, இது ஸ்லட்ஜுங்ணா, மூட்டையோட பொதைச்சிருக்காங்க." சுத்திகரிப்புல வர்ற ஸ்லட்ஜு சட்டப்படி அபாயகரமான கழிவு, அதை ஷெட்டு போட்டு நனையாம வெச்சிருந்து அங்கீகாரம் உள்ள இடத்துக்கு அனுப்பணும். செலவு மிச்சம்னு இங்க குழி தோண்டி மூடிட்டாங்க. மேல மழை பெய்யப் பெய்ய அதுல இருக்கற உப்பு கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கிட்டே இருக்கும்.

அதனால குழி எடுக்காம மண்ணை முடிவு பண்ணாதீங்க. குறைஞ்சது அஞ்சாறு அடி, ரெண்டு மூணு இடத்துல, அதுவும் பழைய படத்துல தொட்டி தெரிஞ்ச இடத்துல. ஒவ்வொரு அடுக்குலயும் தனித்தனியா மண்ணு எடுத்து சுத்தமான கவர்ல போட்டு, எத்தனை அடியில எடுத்ததுன்னு மார்க்கர்ல எழுதுங்க. எல்லாத்தையும் கலந்து ஒரே கவர்ல போட்டா எங்க கெட்டதுன்னு தெரியாமயே போயிரும். வேளாண்மைத் துறையோட மண் பரிசோதனை விவசாயத்துக்கானது, உப்பு, காரம், சத்து எல்லாம் வரும், கன உலோகத்துக்குத் தனி லேப்தான். கையில தொட்டா சோப்பு போட்டுக் கழுவுங்க, புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க.

குடிக்கத்தானே கூடாது, வீடு கட்டலாமேன்னு நெனைக்கறவங்களுக்கு ஒரு விஷயம். கான்கிரீட் போடற தண்ணிக்கும் தரம் இருக்கு. ஐஎஸ் 456 படி கம்பி கட்டின கான்கிரீட்டுக்குப் போடற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது. சல்பேட்டுக்கும் வரம்பு உண்டு. குளோரைடு உள்ள போனா கம்பி துருப்பிடிச்சு ஊதி, மேல இருக்கற கான்கிரீட்டைப் பொளந்துட்டு வெளிய வரும், சல்பேட் சிமெண்டையே அரிக்கும். சரி லாரித்தண்ணி வாங்கிக் கட்டிக்கறோம்னு வெச்சுக்கங்க, அஸ்திவாரம் நிக்கறது அதே மண்ணுலதானே. அங்க குடியிருந்த அந்த வீட்டுலயே ரெண்டு வருஷத்துக்குள்ள சுவத்துக்குக் கீழ உப்பு ஏறி பெயின்ட் எல்லாம் உரிஞ்சிருந்துச்சு, குழாய், ஷவர், வாஷிங் மெஷின் எல்லாம் மாத்தி மாத்தி வெக்கறாங்களாம். காய்ச்சிக் குடிச்சாலும் உப்பும் உலோகமும் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஆகும். வீட்டு ஆர்ஓ மெஷின் பொதுவா 2000 டிடிஎஸ் வரைக்கும்தான் தாங்கும்.

நாங்க வேண்டாம்னு வந்துட்டோம். அட்வான்ஸ்னு ஒரு ரூபா கூட போகல, ஏன்னா டோக்கன் குடுக்கறதுக்கு முன்னாடியே இதெல்லாம் பார்த்துட்டோம். அட்வான்ஸ் குடுத்துத்தான் ஆகணும்கற நெலமையில இருந்தா அக்ரிமெண்ட்ல ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. அடுத்து நாங்க அவிநாசி பக்கம் வாங்கின இடத்துல வக்கீல்கிட்ட சொல்லி இப்படி எழுத வெச்சோம்: "கிரையம் பெறுபவர் தம் செலவில் மேற்படி சொத்தின் மண்ணையும் நிலத்தடி நீரையும் பரிசோதித்துக் கொள்ளலாம். தொழிற்கழிவோ குப்பையோ புதைக்கப்பட்டிருப்பதாகவோ, நீர் மாசடைந்திருப்பதாகவோ தெரியவந்தால் முன்பணம் முழுவதையும் பிடித்தமின்றித் திருப்பித் தர கிரையம் கொடுப்பவர் சம்மதிக்கிறார்." நேர்மையான ஓனரா இருந்தா இதுக்கு மூஞ்சியைச் சுளிக்க மாட்டாங்க. எங்களுக்குக் குடுத்த பெரியவர் "தாராளமா பாருங்க தம்பி, என்ற காட்டுல கடலையும் சோளமும் தவிர ஒன்னும் போட்டதில்ல"ன்னு சொல்லி அவரே கிணத்து மோட்டாரைப் போட்டு விட்டாரு.

சட்டத்துலயும் இதுக்கு இடம் இருக்கு. சொத்து மாற்றுச் சட்டம் 1882-ல 55-வது பிரிவு, விக்கறவருக்குத் தெரிஞ்சு வாங்கறவருக்குத் தெரியாத, சாதாரண கவனத்துல கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை சொத்துல இருந்தா அதை விக்கறவர் சொல்லியே ஆகணும்னு சொல்லுது. சொல்லாம மறைச்சா மோசடின்னும் சொல்லுது. ஆனா வாங்கினதுக்கப்புறம் அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு நிரூபிக்க கோர்ட்டுக்கு நடக்கற நேரத்துல வாங்கறதுக்கு முன்னாடி ஒரு குழி எடுத்துடலாம். கேக்கற கேள்வியை வாட்ஸப்லயும் ஒரு தடவை கேட்டு வைங்க, "இந்த இடத்துல முன்னாடி எந்தத் தொழில் நடந்துச்சு, கழிவு ஏதாவது புதைச்சிருக்கா"ன்னு. அவர் இல்லைன்னு எழுதினா அது நாளைக்கு ஆதாரம்.

மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தோட மாவட்ட ஆபீஸ்லயும் கேட்கலாம். தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம் 1974 படி எந்தெந்த இடத்துக்கு கழிவுநீர் விட என்ன நிபந்தனையோட அனுமதி குடுத்தாங்கன்னு வாரியம் ஒரு பதிவேடு வெச்சிருக்கணும், அந்த இடத்துல சம்பந்தமோ பாதிப்போ உள்ளவங்க அதைப் பார்க்க உரிமை உண்டு. நேர்ல கேட்டு சரியா பதில் வரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல (ஆர்டிஐ) சர்வே நம்பரைப் போட்டு, இந்த சர்வே எண்ணில் எந்த ஆலைக்கு அனுமதி இருந்தது, எப்போது மூடப்பட்டது, ஆய்வறிக்கை நகல், கழிவு எங்கே அனுப்பப்பட்டதுன்னு கேளுங்க, பத்து ரூபா கட்டணம், 30 நாள்ல பதில் குடுக்கணும். கேள்வியை சுருக்கமா, ஆவணமா கேளுங்க, "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை"ன்னு கேட்டா பதில் வராது.

சாயப்பட்டறை மட்டும்தான்னு இல்ல. திருப்பூர்லயே பாறைக்குழிங்க இருக்கு, கல்லு எடுத்து முடிச்ச குழியில குப்பையைக் கொட்டி நிரப்பியிருக்காங்க, மேல மண்ணைப் போட்டு மூடினா தரை மாதிரிதான் தெரியும். உள்ள குப்பை மக்க மக்க தரை உள்வாங்கும், மீத்தேன் கிளம்பும், குப்பையில இருந்து இறங்கற கருப்புத்தண்ணி கிணத்துக்குப் போகும். குழிக்குப் பக்கத்து சைட்டா இருந்தாலும் தண்ணியைப் பார்க்காம வாங்காதீங்க. ராணிப்பேட்டை பக்கம் வாங்கறவங்க குரோமியத்தைத்தான் முதல்ல பார்க்கணும், சிப்காட்டுல 90-கள்லயே மூடின குரோமேட் ஆலையோட கழிவு மலை மாதிரி கிடந்து நிலத்தடித் தண்ணியில இறங்கினது ஊருக்கே தெரியும். குடிதண்ணியில குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல இருக்கவே கூடாது, அதுக்கு டிடிஎஸ் மீட்டர் உதவாது. அந்தப் பக்கம் தோல் பதனிடற டேனரி கழிவால கெட்ட நிலத்தைப் பத்தித்தான் 1996-ல சுப்ரீம் கோர்ட் வேலூர் வழக்குல மாசுபடுத்தினவனே செலவை ஏத்துக்கணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. கொடைக்கானல்ல 2001-ல மூடின தெர்மாமீட்டர் ஆலையோட பாதரசம் மண்ணை விட்டுப் போகாம இருவது வருஷமா அதைச் சுத்தம் பண்ற பேச்சு நடந்துச்சு. பழைய பெட்ரோல் பங்க் இருந்த இடம்னா நிலத்துக்கடியில டேங்க் எடுத்தாங்களா இல்லையா, ஒழுகி இருக்கான்னு பாருங்க. பழைய பேட்டரி உடைச்சு காரீயம் உருக்கின இடம்னா சின்னப் புள்ளைங்க இருக்கற வீட்டுக்காரங்க பக்கத்துலயே போக வேண்டாம், காரீயம் முதல்ல அடிக்கறது குழந்தைங்க மூளையைத்தான்.

என்னால மறக்க முடியாதது அந்த லேஅவுட்ல ஏற்கனவே குடியிருக்கற குடும்பங்கதான். நாங்க வேண்டாம்னு வந்துட்டோம், அவங்க வாழ்நாள் சேமிப்பையும் பேங்க் லோனையும் போட்டு அங்க உக்காந்திருக்காங்க. தண்ணி புடிக்க விட்டாங்களே அந்த அக்கா, அவங்க பொண்ணுக்கு கை காலெல்லாம் அரிப்புன்னு காட்டினாங்க, அது தண்ணியாலதான்னு டாக்டர்தான் சொல்லணும், ஆனா அந்தத் தண்ணியில தினமும் குளிக்க வெக்கறதைப் பார்த்துட்டு சும்மா வர மனசு வரல. எங்க லேப் ரிப்போர்ட் காப்பி, பழைய சாட்டிலைட் படம், குழி எடுத்தப்ப எடுத்த போட்டோ எல்லாத்தையும் அவங்ககிட்ட குடுத்துட்டோம்.

இப்படி ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்க தனித்தனியா ஓனர்கிட்ட சண்டை போடறதை விட சேர்ந்து போறதுதான் நல்லது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல எல்லா வீட்டுக்காரங்களும் கையெழுத்து போட்டு மனு குடுங்க, அதோட நகலை மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் பதிவுத் தபால்ல அனுப்புங்க, மனு எண்ணை வாங்காம வராதீங்க. 2025 ஜூலையில மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்குன்னே தனி விதிகள் கொண்டு வந்திருக்கு, அதுல சந்தேகத்துக்குரிய இடங்களை அடையாளம் காண்றது உள்ளாட்சி, மாவட்ட நிர்வாகத்தோட பொறுப்பு, அதை ஆராய்ஞ்சு முடிவு பண்றது மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம், சுத்தம் பண்ற செலவு மாசுபடுத்தினவர்கிட்ட. மனுவுல அந்த விதியைக் குறிப்பிட்டு, எங்க சர்வே எண்ணை சந்தேகப் பட்டியல்ல சேருங்கன்னு கேளுங்க. அது நடக்கற வரைக்கும் குளிக்கவும் குடிக்கவும் சமைக்கவும் கார்ப்பரேஷன் தண்ணியோ லாரித்தண்ணியோ மட்டும் வெச்சுக்கங்க, போர் தண்ணி கக்கூஸுக்கு மட்டும். வீட்டைச் சுத்தி கீரை, முருங்கை எல்லாம் அந்த மண்ணுல போடாதீங்க, ஆசையா இருந்தா வெளிமண்ணு வாங்கி தொட்டியில வெச்சு, நல்லதண்ணி ஊத்துங்க. மனை காலியா வெச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு இன்னும் ஆழமா போர் போட்டுப் பார்க்கறேன்னு எறங்காதீங்க, மேல இருக்கற கெட்ட தண்ணிக்கு கீழ இறங்க நாமளே வழி வெட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்.